பக்கத்து வீட்டில் நின்ற தண்ணீர்

முதல் உலக யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். தேக்கா சந்தை கூப்பிடு தூரம். கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவள் நான். எனக்கு இருபத்துமூன்று வயது, மகளுக்கு நான்கு. சாக்கடை ரிப்பேர் பார்த்த கதையைப் போய் மறக்க முடியாத அனுபவம் என்கிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒட்டினாற்போல் மூன்று வீடுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வானம் பார்த்த ஒரு முற்றம், முற்றத்தை ஒட்டிச் சமையற்கட்டு. கக்கூஸுக்கு அப்போதெல்லாம் வாளிதான். எடுத்துப் போக ஆள் வரும். ஆனால் குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், முற்றத்தில் விழுகிற மழை எல்லாவற்றுக்கும், மூன்று வீட்டுக்கும் சேர்த்து, தரைக்கு அடியில் ஒரே மண் குழாய். மேட்டு வீட்டில் தொடங்கி, நடு வீட்டுக்கு அடியில் வந்து, பள்ளத்திலிருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, எங்கள் கிணற்றுக்கு நாலு முழம் தள்ளி ஓடித் தெருச் சாக்கடையில் விழும். அங்கிருந்து ரோச்சோர் கால்வாய், அப்புறம் கடல்.

மேட்டு வீடு ஒரு கிட்டங்கி, பிழைக்க வந்த ஆம்பிளைகள் சேர்ந்து தங்குகிற இடம். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் எட்டுப் பேர் கூடித் தங்கியிருந்தார்கள். நடு வீட்டில் ஒரு சீன அம்மாள், அவள் மகன், மருமகள். பச்சைப்பயற்றைச் சாடிகளில் போட்டு முளைகட்டி, சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது அவர்கள் பிழைப்பு. அந்த வெள்ளை முளையை இங்கே தவுகே என்பார்கள். அதனால் எங்களுக்கு அவள் ‘தவுகே அம்மாள்’. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் ஈரமாக இருக்கும் கைகள். அதுவரை ஐந்து வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கத்திலும் இருந்தோம். அவள் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் எனக்குக் கேட்கும். அவ்வளவுதான் பழக்கம்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கம்பெனி அவரைப் பினாங்குக்கு அனுப்பியிருந்தது. வர ஒரு மாதம் ஆகும். அவர் கிளம்பி ஒரு வாரத்தில் எங்கள் முற்றத்துச் சாக்கடை வாயில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, பிறகு இறங்கவே இல்லை. குச்சியை விட்டுக் குத்தினேன். வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். கறுப்பாக ஒரு குமிழி வரும், உடையும், நாற்றம் வீடு முழுக்கப் பரவும். அந்தத் தண்ணீருக்கு மேலே பச்சை பச்சையாகப் பயற்றுத் தோல் மிதந்தது. கையால் அள்ளலாம், அவ்வளவு.

பயற்றுத் தோலைப் பார்த்ததும் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டு கை நிறைய அள்ளி ஒரு பழைய முறத்தில் போட்டுக்கொண்டு நேரே அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். அஞ்சடி நடைபாதையில், அவள் காலடியில், அதைக் கொட்டினேன்.

“உன் வீட்டுக் குப்பையெல்லாம் என் வீட்டுல வந்து நாறணுமா? புள்ள குட்டி இருக்கிற வீடுன்னு தெரியாதா உனக்கு? மனுஷிதானா நீ?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. எல்லாம் தமிழில். எதிர்ச்சாரியில் பால்காரரும், மாட்டுவண்டிக்காரர்கள் இரண்டு பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்க ஆள் இருந்ததால் எனக்குக் குரல் இன்னும் ஏறியது.

அவள் நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரை நின்றாள். அப்புறம் குனிந்து, நான் கொட்டிய தோலைக் கையாலேயே வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து என் மகளுக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. முதல் நாள் கஷாயம் கொடுத்தேன். இரண்டாம் நாள் ரத்தமாகப் போயிற்று. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கைக்கு அவள் கனமே இல்லாததுபோல் இருந்தாள். அங்கிருந்த டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, “வீட்டில் என்ன தண்ணீர்?” என்று கேட்டார். குடிக்கத் தெருக் குழாய்த் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் கிணறு என்றேன். “வாய் கொப்பளிக்க? பாத்திரம் கழுவ?” என்றார். கிணறுதான் என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுநாளே சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு தமிழ்ப் பியூனோடு வந்தார். சாக்கடை வாயில் ஒரு சாயப் பொடியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். அடுத்த நாள் காலையில் வந்து கிணற்றில் வாளியை விட்டு இழுத்தபோது தண்ணீரில் அந்த நிறம் இருந்தது. லேசாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது. என் வீட்டுச் சாக்கடை என் வீட்டுக் கிணற்றுக்குள் கசிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தண்ணீரில்தான் என் பிள்ளைக்கு வாய் கொப்பளித்து விட்டிருந்தேன்.

கிணற்றைப் பலகை அடித்து மூடினார்கள். பத்து நாளைக்குள் உடைந்த குழாயை மாற்றாவிட்டால் வீட்டையே மூட வேண்டியிருக்கும் என்று பியூன் சொன்னார். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. போகும்போது மாடிப்படி வரை வந்து, மேலே படுத்திருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் போனார். டாக்டரும் சொல்லியிருந்தார்: இப்போது தப்பித்துக்கொண்டாள், இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது. போக வேறு வீடு இல்லை. கணவர் ஊரில் இல்லை.

வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கொத்தனாரை அனுப்பி வைத்தார். தஞ்சாவூர்க்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயது, கூட இரண்டு ஆட்கள். முற்றத்துத் தரையைப் பெயர்த்துத் தோண்டினார்கள். இடுப்பளவு பள்ளத்தில் குழாய் தெரிந்தது. மூன்று குழாய் விரிசல் விட்டிருந்தது. ஒன்றை உடைத்து எடுத்ததும் உள்ளே கல் மாதிரி இறுகிக் கிடந்த ஒரு அடைப்பைக் கடப்பாரையால் நெம்பிப் பள்ளத்துக்கு வெளியே போட்டார். அதன் ஓரத்தில் பயற்றுத் தோல் ஒட்டியிருந்தது.

“பாத்தீங்களா அண்ணே, எல்லாம் பக்கத்து வீட்டு வேலை” என்றேன்.

அவர் அந்தக் கட்டியை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்தார். உள்ளே முழுக்கத் தேங்காய் நார். நாரோடு சேர்ந்து இறுகிப்போன சாம்பல்.

“இது யார் வீட்டுது தங்கச்சி?” என்றார்.

ஐந்து வருடமாகக் காலையும் மாலையும் சாம்பலும் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்த்து, அந்த வாயில்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“பயத்தந் தோலு தண்ணியோட போயிரும். லேசு சாமான் அது. வழியை அடைச்சது இந்த நாரு. அடைச்சதுல தண்ணி நின்னு, குழாய்ச் சந்தெல்லாம் விட்டுப் போச்சு. தோலு பாவம், வந்து சிக்கிக்கிச்சு” என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. வேலைக்காரர் வேலையைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிடலாம் போல் இருந்தது.

ஆனால் வெட்கப்பட நேரமில்லை, ஏனென்றால் வேலை நடக்கவில்லை. பள்ளத்தில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தது. மண்ணெண்ணெய் டின்னால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க மேலிருந்து வந்தது. ஒருவழியாக வற்றவைத்துப் புதுக் குழாயை வைத்து, குழாய்கள் சேரும் சந்தில் சணலைத் திணித்துச் சிமெண்ட் பூசினார் கொத்தனார். பூசிக் கையெடுக்கவில்லை, கிட்டங்கியில் யாரோ குளித்தார்கள். தண்ணீர் தடதடவென்று வந்து சிமெண்டைக் கரைத்துக்கொண்டு போயிற்று. அடுத்த நாள் மேல் பக்கத்தைச் சாக்கால் அடைத்துவிட்டுப் பூசினார். அன்றைக்குக் கடல் ஏறிற்று. கால்வாய் நிரம்பி, தெருச் சாக்கடை நிரம்பி, கீழ்ப் பக்கத்திலிருந்து உப்புத் தண்ணீர் பள்ளத்துக்குள் வந்தது. இரண்டாவது தடவையும் பூச்சு கரைந்தது.

கொத்தனார் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

“மேலேர்ந்து வீட்டுத் தண்ணி வருது, கீழேர்ந்து கடல் தண்ணி வருது. நடுவுல நான் சிமெண்டப் பூசினா எங்க நிக்கும் சொல்லுங்க? நாளைக்கு விடிஞ்சதும் கடல் வத்த ஆரம்பிக்கும். மத்தியானத்துக்கு மேலதான் ஏற ஆரம்பிக்கும். ரெண்டு பக்கமும் களிமண் வெச்சு அடைச்சுட்டு அதுக்குள்ள பூசிடலாம். ஆனா பூச்சு இறுகணும். சாயங்காலம் வெளக்கு வெக்கிற வரைக்கும் மேல் வீடு ரெண்டுலயும் ஒரு சொட்டுத் தண்ணி இந்தக் குழாய்ல விடக்கூடாது. விட்டா அவுங்க வீட்டுக்குள்ளயே ஏறிக்கும். நீங்க போய்க் கேளுங்க.”

“நானா?” என்றேன்.

“நான் கேட்டா கூலிக்காரன் கேக்கறான்னு போயிருவாங்க. உங்க புள்ளைக்குத்தானே தங்கச்சி?”

அன்று சாயங்காலம் நான் அவள் வாசலில் போய் நின்றேன். பத்து நாள் முன்னால் முறத்தோடு நின்ற அதே இடம். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பேசுகிற அரைகுறை மலாய்தான். எனக்கு அதுவும் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். நடந்த பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் முறம் இருக்கிறதா என்று கீழே பார்த்த மாதிரி இருந்தது. நான், “குழாய் உடைந்துபோச்சு. என் வீட்டு நார். என் தப்பு. உன் தப்பு இல்லை” என்று ஆரம்பித்தேன். அதுவரை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கையைக் காட்டினேன். தண்ணீர் ஊற்றாதே, நாளைக்கு ஒரு நாள், சூரியன் விழுகிற வரைக்கும் என்று அபிநயம் பிடித்தேன். அவள் தொழிலே தண்ணீர் ஊற்றுவதுதான் என்பது கேட்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே இருட்டறையில் சாடிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. மூன்று மணிக்கு ஒரு தரம் தண்ணீர் காட்டாவிட்டால் முளை சூடேறி அழுகிவிடும்.

அவள் சாடிகளைத் திரும்பிப் பார்த்தாள். மருமகளிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். அவள் மருமகள் முகம் சுருங்கி, படபடவென்று பதில் சொன்னாள். என்னைப் பற்றித்தான் என்று புரிந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்திருக்கும்.

தவுகே அம்மாள் என் பக்கம் திரும்பினாள். “உன் பெண் பிள்ளை. சின்னது. இப்போது எப்படி?” என்றாள்.

“நோவு. கொஞ்சம் தேவலை” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“சரி. நாளைக்குக் குழாயில் ஊற்றமாட்டோம்” என்றாள்.

“தவுகே?”

“தொட்டியில் பிடித்து, தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் ஊற்றுவோம்” என்று வாசலுக்கு வெளியே கைகாட்டினாள். பிறகு, “மேல் வீடு கேட்டாயா?” என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். எட்டு ஆம்பிளைகள் தங்கியிருக்கும் வீட்டு வாசலுக்கு நான் எப்படிப் போவது என்று மலாயில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று கிட்டங்கி வாசலுக்கு நடந்தாள். கதவை உள்ளங்கையால் தட்டினாள். வெளியே வந்தவர்களில் வயதான ஒருவரிடம் மலாயில் சொல்லிவிட்டு, நீ சொல் என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் விஷயத்தைச் சொன்னேன்.

“அட, இதுக்கா இவ்வளவு தயங்குறீங்க?” என்றார் அவர். “குளிக்கிறத நாங்க தெருக் குழாய்ல பாத்துக்குறோம். தொழுகைக்கு முன்னால ஒளு எடுக்கிறதுக்குப் பள்ளிவாசல்ல தொட்டி இருக்கு. நாளைக்குச் சோறும் வெளியிலதான். நீங்க புள்ளையப் பாருங்கம்மா, அல்லா லேசாக்குவான்.”

மறுநாள் விடியும்போதே கொத்தனார் வந்துவிட்டார். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் சாக்கில் களிமண்ணைக் கட்டித் திணித்து அடைத்தார். மிச்சத் தண்ணீரை டின்னால் இறைத்து, கடைசி ஈரத்தைக் கோணிச்சாக்கால் ஒற்றி எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தில் காய்ந்த மண்ணை அன்றுதான் பார்த்தேன். சுண்ணாம்புக் காரை போட்டு, மட்டம் பார்த்து, புதுக் குழாய் மூன்றையும் வைத்தார். சந்தெல்லாம் பூசி முடித்தபோது மணி பத்து இருக்கும். கையைக் கழுவிக்கொண்டு, “இனிமே நம்ம கையில இல்ல” என்றார்.

காலை முழுவதும் அஞ்சடியில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தவுகே அம்மாளும் அவள் மருமகளும் மரத்தொட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வருவார்கள். தெருச் சாக்கடையில் கவிழ்ப்பார்கள், திரும்பிப் போவார்கள். நாற்பது சாடிக்கு ஊற்றிய தண்ணீரை எத்தனை நடையில் தூக்குவது? நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். போ, பிள்ளையிடம் போ என்று கையால் விரட்டினாள்.

மத்தியானம் தாண்டியதும் வானம் கறுத்தது. மேற்கேயிருந்து காற்று கிளம்பி, வாசல் கதவுகள் படார் படார் என்று அடித்துக்கொண்டன. பிறகு மழை. இந்த ஊர் மழை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பானையைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். எங்கள் முற்றத்துப் பள்ளத்தின் மேல் தகரமும் பழைய பாயும் போட்டு, சுற்றி மண் அணை கட்டி, கொத்தனாரும் ஆட்களும் நானும் டின்னும் வாளியுமாக இறைத்து வாசல் வழியே வெளியே ஊற்றினோம். என் புடவை முழங்கால் வரை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாடியில் மகள் என்னைக் கூப்பிட்டு அழுதாள். போக முடியவில்லை.

இறைத்துக்கொண்டே இருந்த கொத்தனார் சட்டென்று நிமிர்ந்தார். “தங்கச்சி, நம்ம முத்தத்துல வுழுற மழை அவுங்க முத்தத்துலயும்தானே வுழும்? மேல குழாய அடைச்சிருக்கோம். அந்த வீட்டுல தண்ணி எங்க போகும்?”

யாரும் அதுவரை அதை நினைக்கவில்லை. வீட்டுத் தண்ணீரைத்தான் நினைத்தோம். கிட்டங்கி முற்றத்து மழையும் அவள் முற்றத்து மழையும் சேர்ந்து அவள் வீட்டில்தான் நிற்கும்.

“அடைப்ப எடுத்துடவா? பூச்சு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. எடுத்தா எல்லாம் போச்சு” என்றார். பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய், மழைச் சத்தத்துக்கு மேலே, “நோன்யா! அங்கே தண்ணி ஏறுதா?” என்று மலாயில் கத்தினார். சீன அம்மாள்களை இங்கே நோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. “தா அப்பா! தா அப்பா!”

பரவாயில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான், “பரவாயில்லன்னுதான் சொல்றாங்க அண்ணே” என்றேன். நாங்கள் தொடர்ந்து இறைத்தோம். மழை ஒரு மணி நேரத்துக்கு மேல் அடித்தது. நடுவில் இன்னொரு தரம் கேட்டார். அதே பதில் வந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவையே அந்தக் குரலில் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் மரச்சாமான் இழுபடும் சத்தமும் கேட்டது. பரவாயில்லை என்ற வார்த்தையை நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால் நம்பினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொத்தனார் பூச்சை நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை. கீழ் அடைப்பை எடுத்தார். அதற்குள் கடல் மறுபடி இறங்க ஆரம்பித்திருந்தது. பிறகு மேல் அடைப்பை எடுத்தார். புதுக் குழாய்க்குள் தண்ணீர் பாய்ந்த சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. ஒரு வீட்டுத் தண்ணீர் இவ்வளவு நேரம் வருமா?

நான் கொத்தனாரைப் பார்க்காமலேயே வெளியே ஓடினேன்.

அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசற்படியிலேயே தரை ஈரம். உள்ளே, சமையற்கட்டிலும் சாடி அறையிலும், கணுக்காலுக்கு மேல் அழுக்குத் தண்ணீர் நின்று, இப்போது மெல்ல வடிந்துகொண்டிருந்தது. கட்டிலின் மேல் சாடிகள். மேசையின் மேல் சாடிகள். மாடிப்படியில் படிக்கு இரண்டாகச் சாடிகள். சாமி மாடத்துக்குக் கீழே இருந்த பெட்டியின் மேல்கூட ஒன்று. இடமில்லாமல் தரையிலேயே விட்டுவிட்ட சாடிகள் ஒரு பத்துப் பன்னிரண்டு, சாக்கடைத் தண்ணீரில் பாதி முங்கி நின்றன. அவற்றில் இருந்ததை இனி மாட்டுக்குக்கூடப் போட முடியாது. மருமகள் சுவரோரம் உட்கார்ந்து கையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மகன் அடுப்புக்குள் புகுந்த சேற்றை வாரிக்கொண்டிருந்தான். தவுகே அம்மாள் துடைப்பத்தோடு நின்று தண்ணீரைக் குழாய் வாய்க்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும், “ஆச்சா? குழாய் நல்லா இருக்கா?” என்றாள்.

ஆச்சு என்றேன். ஏன் சொல்லவில்லை, தண்ணீர் ஏறியது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாதி மலாய், பாதி தமிழ். அவள் துடைப்பத்தை நிறுத்தினாள். தரையில் கிடந்த சாடிகளைக் காட்டினாள்.

“இது நாலு நாளில் மறுபடி முளைக்கும்” என்றாள்.

மறுபடி தள்ள ஆரம்பித்தாள். என் பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியிருக்கவும் இல்லை. நான் அங்கேயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையில் இருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்தேன். இந்தத் தடவை அவள் என்னை விரட்டவில்லை. சற்று நேரத்தில் கொத்தனாரும் ஆட்களும் வந்தார்கள். கிட்டங்கியிலிருந்து நாலு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாருமாகக் கழுவித் துடைத்து, சாடிகளை இறக்கி வைத்தோம்.

மறுநாளிலிருந்து நாலு நாளும் காலையிலும் மத்தியானமும் போய் அவள் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். எப்படி ஊற்ற வேண்டும் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். வேகமாக ஊற்றினால் முளை ஒடியும், மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். அவள் மருமகள் முதல் நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு ஒரு குவளை சூடான தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். கிணறு வேண்டாம் என்று சொந்தக்காரரே அதை மூடி, வீட்டுக்குள் முனிசிபல் குழாய் போட்டுக் கொடுத்தார். பாத்திரம் தேய்க்கிற நாரை அன்றிலிருந்து நான் தனியாக எடுத்து அடுப்பில் போட்டேன்.

ஒருநாள் சாடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, தைரியத்தை வரவழைத்து, அன்றைக்கு வாசலில் கத்தியதற்கு மன்னித்துவிடு என்று சொன்னேன். அதற்கான மலாய் வார்த்தையைக் கிட்டங்கிப் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருந்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“நீ பேசினதில் ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை” என்றாள். பிறகு, தன் முகத்தை என்னைப் போலவே கோணலாக்கிக் காட்டி, “ஆனால் முகம் புரிந்தது” என்றாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் மருமகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் நானும்.

என் கணவர் பினாங்கிலிருந்து வந்தபோது மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். “என்ன, புள்ள இளைச்சிருக்கு?” என்றார். கேட்டதற்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் சொன்னேன். வாசலில் நின்று கத்தியதை மட்டும் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், கைகூப்பி நின்றார். அவளுக்கு அது சங்கடமாகப் போயிற்று. அவர் கையில் ஒரு பொட்டலம் தவுகேயைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் ஆறு வருடம் அந்தச் சந்தில் இருந்தோம். பிறகு கேலாங் பக்கம் வீடு மாறினோம். சில வருடம் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு தடவை போனபோது நடு வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். எங்கே போனார்கள் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வீடு மாறியதில் வேறு எதற்கும் நான் அவ்வளவு கலங்கியதில்லை.

என் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவள் அவர்களை அதட்டிச் சாப்பிட வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம், கேவலமாகப் பேசிய ஒருத்தியின் குழந்தைக்காகத் தன் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பரவாயில்லை என்று கத்தினவளுக்கு நான் பட்ட கடன் என் ஆயுசோடு தீராது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படித் தீராமல் இருப்பதுகூட எனக்கு ஒரு நிறைவாகத்தான் இருக்கிறது.